ஊசி தின்ற குரல்

செனென் வீட்டுக்கு வந்தபோது நல்ல உச்சி வெயில். பாரன்கியா நகரின் ரெபோலோ தெருவில் ஒரு நாய்கூட நடமாடவில்லை. சூட்டுக்குப் பயந்து எல்லா வீடுகளும் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கின.

கதவைத் திறந்ததும் வாசனை வந்தது. விளக்கெண்ணெய். அதற்குள் கொஞ்சம் நகப்பூச்சு.

அவனுக்குத் தெரிந்த வாசனைதான். அலமாரியில், படுக்கை விரிப்புகளுக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்த இசைத்தட்டின் வாசனை. அலமாரிக்குள் இருக்க வேண்டியது கூடத்தில் இருந்தது.

“லெதிஸ்!”

பின்னறை இருட்டாக இருந்தது. ஆனால் அங்கே ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. வெறுமனே சுற்றும் தட்டுக்குச் சத்தம் கிடையாது என்பார்கள். தட்டு போடும் தொழிலிலேயே காதைக் கெடுத்துக்கொண்டவனுக்கு அது கேட்கும்.

அவனுடைய பிக்கோ அந்த அறையில்தான் நின்றது. சுவர் அளவுக்கு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. முகப்பில் பச்சையும் ஊதாவுமாகப் பேரலை வரைந்திருந்தது. அலைக்கு நடுவே ஒரு பெண்ணின் கண். கீழே பெயர்: சூறாவளி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஏதாவது ஒரு தெருவில் இறக்கினால் அந்தத் தெரு விடியும்வரை ஆடும். இப்போது அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. சாவு விழுந்த வீடு. ஒரு வருடத்துக்குப் பாட்டு கிடையாது, ரேடியோ கிடையாது. தெருவே அதை மதித்துக் குரலைத் தணித்துப் பேசியது.

லெதிஸ் ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்காலை ஒட்டித் தட்டு சுற்றியது. பழுதுபார்க்க வைத்திருந்த சின்ன ஒலிபெருக்கியை மடியில் வைத்திருந்தாள், பூனையை வைத்திருப்பதுபோல.

“கதவச் சாத்து. சூடு உள்ள வருது.”

“எத்தன தடவ போட்ட?”

“நீ என்ன, துறைமுகத்துல சோதன போடுறவனா?”

“லெதிஸ். எத்தன தடவ?”

“எண்ணல. நீ வெளிய போனா போடுவேன். உன் செருப்புச் சத்தம் கேட்டா எடுத்து வச்சிருவேன். இன்னிக்குக் கேக்கல.”

அவன் ஊசியைத் தூக்கினான். விளக்கைப் போட்டுத் தட்டைச் சாய்த்துப் பார்த்தான். கறுப்புப் பளபளப்பின் ஓரத்தில், முதல் வரிகள் இருந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழுந்திருந்தது. ஊசி முனையில் கறுப்பாக ஒரு இழை தொங்கியது. முடியைவிட மெலிதாக.

“இது கடையில விக்கிற தட்டு இல்லடி. அதுன்னா நல்ல ஊசி போட்டு, தூசி தொடச்சு, வெயில் படாம நிக்க வச்சோம்னா நமக்கப்புறமும் பாடும். இது வெறும் அலுமினியத் தகடு. மேல விளக்கெண்ணெய் கலந்த வார்னிஷ். பொண்ணுங்க நகத்துல பூசுற சாமான். ஊசி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வழிச்செடுத்துக்கிட்டுத்தான் போகும்.”

“வழிச்சது எங்க போகுது?”

“எங்க போகும். தூசி. ஊதுனா போயிடும்.”

அவன் ஊதப் போனான். அவள் எழுந்து அவன் வாயைப் பொத்தினாள்.

“ஊதாத.”

அவள் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் வாசனை அடித்தது.

அந்தத் தட்டில் இருந்தது யாமிலேயின் குரல். அவர்களுடைய ஒரே மகள். ஜூன் மாதம் காய்ச்சல் வந்து, வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய கார்னிவலுக்காக, ரேடியோ நிலையத்தில் தட்டு வெட்டுகிற ஆளைப் பிடித்து, செனென் அந்தத் தட்டைச் செய்தான். முதலில் யாமிலே கத்துவாள். “ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க! சூறாவளி வந்துருச்சு!” பிறகு சிரிப்பாள். சிரிப்பு முடிவதற்குள் முரசு ஆரம்பிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே கூட்டம் வந்தது.

பிக்கோக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. நல்ல தட்டு கைக்கு வந்தால் நடுவிலிருக்கும் பெயர்த்தாளைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள். பாடியவன் யார், எந்த ஊர்த் தட்டு என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த வாரம் அவனும் போடுவான். செனென் ஒரு படி மேலே போனான். தட்டு வெட்டி முடித்ததும் மூலப் பதிவு நாடாவை அழிக்கச் சொன்னான். அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

“இனிமே உலகத்துல இது ஒண்ணுதான்” என்றான் பெருமையாக.

“அப்பா, என்னைய அழிச்சுட்டீங்களே” என்று சொல்லி யாமிலே சிரித்தாள்.

இப்போது அவன் ஊசியின் பாரத்தைக் குறைத்தான். தட்டின் ஓரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினான். என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

முதலில் வரவேண்டிய “ஷ்ஷ்” வரவில்லை.

மற்றதும் சரியாக வரவில்லை. குரல் இருந்தது. அதன் கூர்மை போயிருந்தது. பல்லும் நாக்கும் உதடும் இல்லாமல், வாயில் துணி திணித்துப் பேசுவதுபோல ஒரு முனகல். தேய்மானத்தில் மேல்சத்தம்தான் முதலில் போகும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் என்ன.

“பாத்தியா? போயிடுச்சு.”

“போகல” என்றாள் லெதிஸ். “கேளு.”

அவள் தட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. அலமாரி மூலையைப் பார்த்தாள்.

அவன் மோட்டாரை நிறுத்தினான். அறை அடங்கியது. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மணி தூரத்தில் தேய்ந்தது.

மூலையிலிருந்து வந்தது.

“ஷ்ஷ்.”

பிறகு ஒரு இடைவெளி. நாக்கு பல்லில் தட்டும் சத்தம். மறுபடி இடைவெளி. இன்னொரு தட்டல். குரலே இல்லை. குரல் வரவேண்டிய இடமெல்லாம் காலியாக இருந்தது. காற்றில் சின்னச் சின்ன எலும்புகளை வரிசையாக வைத்ததுபோல இருந்தது.

முடிவில் அந்த “ஷ்” மறுபடி வந்தது. அதில் ஒரு விசில் இருந்தது.

யாமிலேக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே இடுக்கு.

*

புருதென் சந்தைக்குப் பின்னால் ரேடியோ பழுதுபார்ப்பவன். சூறாவளியின் பெட்டியைச் செய்தவனும் அவன்தான், யாமிலேக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். செனென் துணியைப் பிரித்துத் தட்டை மேசையில் வைத்ததும் புருதென் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தான்.

“டேப்புல புடிச்சிரலாம் பங்காளி. ஒரே தடவ ஓட்டுனா போதும். அப்புறம் லெதிஸ் நாள் பூரா கேட்டுக்கிட்டு இருக்கட்டும். டேப்பு தேஞ்சா வேற டேப்பு.”

“அப்பவே செஞ்சிருக்கணும்.”

“அப்பவே உனக்கு மூளை இருந்திருக்கணும்.”

ஓட்டினார்கள். ஒலிபெருக்கியில் முனகல் கேட்டது, சிரிப்பின் நிழல் கேட்டது, முரசு கேட்டது. புருதென் நாடாவைத் திருப்பிப் போட்டான்.

ஊசி இறங்கும் கரகரப்பு இருந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை. நாடாவின் அந்தத் துண்டு மட்டும் வாங்கிய அன்று இருந்ததுபோல வெறுமையாக இருந்தது. பிறகு முரசு முழங்கிக்கொண்டு வந்தது.

“உன் டேப்பு சரியில்ல.”

“என் டேப்பா? நேத்து இதே டேப்புலதான் பாதிரியாரோட பிரசங்கத்தப் புடிச்சேன். அதுல அவரு ஏப்பம் விட்டதுகூட விழுந்திருக்கு.”

மறுபடி ஓட்டினார்கள். அதே வெறுமை. அதே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடிந்தது. புருதெனுக்கு வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிற்று. ஊசி முனையில் சேர்ந்திருந்த கறுப்பு இழையைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

“போதும் பங்காளி. நம்ம கையாலேயே புள்ளையத் தேய்க்கிறோம்.”

சுத்தமான பருத்தித் துணியில் சுற்றினான். படுக்க வைக்காமல், சாயாமல், தன் இரும்பு அலமாரியில் நேராக நிறுத்தினான். வெயில் விழாத பக்கம். சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

“லெதிஸ் வந்து கேட்டா?”

“திருட்டுப் போயிடுச்சுன்னு சொல்லு” என்றான் செனென்.

“அந்தப் பொம்பளைகிட்ட நானு? வேற ஆளப் பாரு.”

*

லெதிஸ் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்தாள், விரிப்புகளைத் தூக்கிப் பார்த்தாள், மூடினாள். அன்று முழுக்கப் பேசவில்லை.

வீடு பேசியது.

தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒரு நாள். ஜன்னல் பலகைக்கு வெளியே ஒரு நாள், பலகைக்கு உள்ளே மறுநாள். செனென் முதலில் பல்லியா என்று பார்த்தான். பிறகு குழாயா என்று பார்த்தான். பிறகு பார்ப்பதை விட்டான்.

ஒரு மத்தியானம் அவன் மீன் பொரித்தான். எண்ணெய் சீறியது. அந்தச் சீறலுக்குள் இன்னொரு சீறல் இருப்பதாகப் பட்டது. அடுப்பை அணைத்தான். மீன் அடங்கியது. எண்ணெய் அடங்கியது.

சீறல் அடங்கவில்லை.

அவன் தோளுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றான். நாக்கு பல்லில் தட்டியது. காத்திருந்தது. மறுபடி தட்டியது. எதையோ சொல்ல முயன்று, சொல்வதற்குத் தொண்டை இல்லாமல் தவிப்பதுபோல. அந்தத் தவிப்புதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. பயத்தைத் தாங்கியிருப்பான்.

லெதிஸ் தூங்குவதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடினால் காதோரத்தில் வந்துவிடுகிறது என்றாள். பயந்து சொல்லவில்லை. கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் சலித்துக்கொள்வதுபோலச் சொன்னாள்.

அப்புறம் ஒரு நாள் அவன் பின்னறைக் கதவருகே நின்று பார்த்தான். அவள் ஆடுநாற்காலியில் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூலையிலிருந்து “ஷ்ஷ்” வந்தது. நாக்கின் தட்டல் வந்தது. இடைவெளி வந்தபோது லெதிஸ் வாயைத் திறந்து “ஆ” என்றாள். அடுத்த இடைவெளியில் “ஓ” என்றாள். வெறும் குரல். அம்மாவின் குரலும் மூலையின் பற்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஒரு சொல் ஆயிற்று. இன்னொரு சொல் ஆயிற்று.

அவன் தெருவுக்கு ஓடினான். நிழல்கூட இல்லாத தெருவில், வெயிலில், செருப்பில்லாமல் நின்றான்.

அவள் வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“பாதிப் புள்ள நிக்குது வீட்டுல. மீதியப் பூட்டி வச்சிருக்க.”

“அது அவ இல்ல லெதிஸ்.”

“அப்ப யாரு? சொல்லேன். நம்ம வீட்டுல வேற யாருக்கு அந்தப் பல்லு?”

அவன் கொதிக்கும் தரையில் காலை மாற்றி வைத்தான்.

“வாய் இருக்கு, குரல் இல்ல. எவ்வளவு நாளைக்கு அவள அப்படி நிக்க வைப்ப? நீ அப்பன்தானே?”

எதிர் வீட்டு ஜன்னல் கொஞ்சம் திறந்து மூடியது.

*

புருதென் தானே தேடிக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் வரமாட்டேன் என்றான். கடைக்கு வா என்றான்.

இரும்பு அலமாரியைத் திறந்தான். துணியைப் பிரித்தான்.

தட்டு வியர்த்திருந்தது. கறுப்பின் மேல் வெள்ளையாக, மாவு தூவியதுபோல ஒரு படலம். புருதென் பஞ்சால் துடைத்தான். படலம் போயிற்று. கீழே, ஓரத்தில், வெயிலில் காய்ந்த குளத்துச் சேறுபோல வார்னிஷ் வெடித்திருந்தது. விளக்கெண்ணெய் வாசனை கடை முழுக்கப் பரவியது.

“சத்தியமா நான் தொடல பங்காளி. தானா வேர்க்குது. தொடச்சா மறுபடி வேர்க்குது. இந்த ஊரு சூட்டுல வார்னிஷ் நிக்காது. கார்னிவலுக்குள்ள உரிஞ்சி விழுந்துரும்.”

“போடாமலேயா?”

“போடாமலேதான்.”

செனென் தட்டை விளக்குக்குக் காட்டினான். குரல் இருந்த வளையத்துக்கு வெடிப்பு இன்னும் வரவில்லை. வரும்.

போட்டாலும் போகும். போடாவிட்டாலும் போகும். தான் இவ்வளவு நாள் காவல் காத்தது எதை என்று அவனுக்குப் புரியவில்லை.

“ஊசி எடுத்தா வீட்டுக்கு வருது. தானா உரிஞ்சி விழுந்தா எங்க போகும்?”

“என்ன கேள்வி பங்காளி இது?”

“சொல்லு.”

புருதென் வேறு பக்கம் பார்த்தான். “குப்பைக்கு” என்றான்.

செனென் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

“பங்காளி. வேணாம். பாதிரியாரக் கூப்புடுவோம். வீட்டக் காலி பண்ணுங்க. சாந்த மார்த்தாவுல உன் தங்கச்சி இருக்காளே. செனென்! சொல்றது காதுல விழுதா?”

காதில் விழுந்தது. அவன் நடந்துகொண்டிருந்தான்.

*

அன்று மழை பிடித்துக்கொண்டது. பாரன்கியாவில் மழை என்றால் தெரு இருக்காது, ஆறுதான் இருக்கும். தண்ணீர் நாற்காலிகளையும் வாழைமரங்களையும் இழுத்துக்கொண்டு ஓடியது. இனி யாரும் வரமுடியாது. யாரும் போகவும் முடியாது. சாவு வீட்டில் பாட்டு கேட்டாலும் மழையில் யாருக்கும் கேட்காது.

லெதிஸ் குளித்துவிட்டு வந்தாள். தலை வாரியிருந்தாள். சமையலறை மேசையில் கருங்காப்பி மூன்று கோப்பை ஊற்றி வைத்தாள்.

செனென் ஊசியின் பாரத்தைக் கூட்டினான். அந்தத் தொழிலில் சேர்ந்ததிலிருந்து அவன் செய்யாத காரியம். இறக்கினான்.

முனகல். சிரிப்பின் நிழல். முரசு. தூக்கினான். இறக்கினான்.

ஒவ்வொரு முறையும் தட்டில் அவள் தூரமாகப் போனாள். முதலில் அடுத்த அறையில். பிறகு அடுத்த வீட்டில். பிறகு தெருக்கோடியில். சாம்பல் வளையம் வெளுத்துக்கொண்டே வந்தது. கறுப்புத் தூசி தட்டின்மேல் மிளகுத்தூள்போலச் சேர்ந்தது. அவன் ஊதவில்லை.

ஒவ்வொரு முறையும் வீட்டில் ஏதோ நெருங்கியது. மூலையில் இருந்த பற்களுக்குக் கீழே ஒரு மூச்சு வந்தது. மூச்சுக்குக் கீழே ஒரு முனகல் வந்தது. அது அலமாரியைவிட்டு நகர்ந்தது. கூடத்தைக் கடந்தது. தரை ஓடு ஒன்று எப்போதும் அசையும், அது அசைந்தது.

லெதிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “இன்னும்” என்றாள்.

இறக்கினான்.

“இன்னும்.”

கடைசியில் வார்னிஷ் தீர்ந்தது. அடியிலிருந்த அலுமினியம் மின்னியது. ஊசி தகட்டில் ஏறிக் கிறீச்சிட்டது. செனென் கையைத் தூக்கினான். ஊசி வளைந்திருந்தது.

மழைச் சத்தம் மட்டும்.

லெதிஸ் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

சமையலறையிலிருந்து வந்தது.

“ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க! சூறாவளி வந்துருச்சு!”

பிறகு சிரிப்பு.

முழுதாக. ஈரமாக. உயிருள்ள வாயிலிருந்து வருவதுபோல. பல்லிடுக்கின் விசிலோடு.

லெதிஸ் அலறிக்கொண்டு ஓடினாள். “யாமிலே! என் கண்ணே! வந்துட்டியா? உக்காரு, உக்காரு, காப்பி ஆறுது பாரு.”

“ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க! சூறாவளி வந்துருச்சு!”

சிரிப்பு.

“சரிடா, போடல, சத்தம் போடல. அம்மா பக்கத்துல வா. எங்க இருக்க? எனக்குத் தெரியலயே.”

“ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க! சூறாவளி வந்துருச்சு!”

“யாமிலே. அம்மா பேசுறேன். அம்மாவ ஒரு தடவ கூப்புடு. ஒரே ஒரு தடவ.”

“ஷ்ஷ்!”

அதே சொற்கள். அதே வேகம். சிரிப்பு அதே இடத்தில் உடைந்து அதே இடத்தில் மூச்சு வாங்கியது. செனென் சமையலறை வாசற்படியில் நின்று கேட்டான். மேசையில் மூன்று கோப்பை. மூன்றாவதற்கு எதிரே காலி நாற்காலி.

சிரிப்பு ஓயும் இடத்தில் இன்னொரு சத்தம் இருந்தது. இந்த முறைதான் கவனித்தான்.

ஒரு இருமல். ஆணின் இருமல்.

லெதிஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் இருமவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினான்.

இருமல் அவனுடையதுதான். அன்று ரேடியோ நிலையத்தில் யாமிலேக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான். சிகரெட் புகை தொண்டையைப் பிடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். திரும்ப எடுக்க வேண்டாம், முரசு வந்து மூடிவிடும் என்றான் தட்டு வெட்டியவன். முரசு அதை மூடியிருந்தது, இத்தனை நாளும்.

அவன் படியிலேயே உட்கார்ந்தான்.

வந்தது மகள் இல்லை. தட்டு.

*

லெதிஸிடம் அதை அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். “எனக்கு இது போதும்” என்றாள்.

கொஞ்ச நாள் அவளுக்கு அது போதுமாகத்தான் இருந்தது. கதவு அடித்தால் குரல் வந்தது. பாத்திரம் விழுந்தால் வந்தது. அவள் வேண்டுமென்றே கரண்டியைப் போட்டாள். குரல் வந்ததும் சிரித்தாள். சாப்பிட்டாள். தூங்கினாள். எதிர் வீட்டுக்காரி ஒரு நாள் செனெனை நிறுத்தி, “உன் பொஞ்சாதி தேறிட்டாப்பா, முகத்துல களை வந்துருச்சு” என்றாள்.

டிசம்பர் காற்று அடிக்க ஆரம்பித்தபோது செனென் ஒன்றைக் கவனித்தான். “ஷ்ஷ்” மங்கியிருந்தது. பல்லிடுக்கின் விசில் இல்லை.

அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே லெதிஸ் ஆடுநாற்காலியின் கால்களில் துணி சுற்றினாள்.

அதற்குப் பிறகு அவள் வெறுங்காலோடு நடந்தாள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். புழுதி வரும் என்று ஜன்னல்களைத் திறக்கவில்லை. வெயில் படும் சுவரில் ஈரக் கோணி தொங்கவிட்டாள். கரண்டிகளைத் துணியில் முடிந்து வைத்தாள். வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். செனென் ஒரு தட்டை எப்படிப் பாதுகாப்பானோ அப்படி அவள் வீட்டைப் பாதுகாத்தாள். பிறகு பேசுவதையும் நிறுத்தினாள்.

அப்படியும் தேய்ந்தது. இடி இடித்தால் தேய்ந்தது. எங்கோ லாரி போனால் தேய்ந்தது. குரல் முனகலாயிற்று. முனகல் சுவருக்குள் ஒரு ரீங்காரம் ஆயிற்று.

கார்னிவல் வந்தது. நகரத்தின் எல்லா பிக்கோக்களும் பகலிலேயே முழங்கின. சுவர் அதிர்ந்தது, கோப்பைகள் அதிர்ந்தன. லெதிஸ் கட்டிலில் சுருண்டு படுத்து இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நகரத்தின் வாயை அவளால் பொத்த முடியவில்லை.

சாம்பல் புதனன்று ஊர் ஓய்ந்தது. செனென் அறை அறையாகப் போய் நின்று கேட்டான். கையைத் தட்டிப் பார்த்தான். கதவை அடித்துப் பார்த்தான்.

ஒன்றும் இல்லை. வெறும் வீடு.

நிம்மதி வந்தது. அதைக் கண்டு அவனுக்கே கூசியது. கட்டிலுக்குப் போனான். லெதிஸ் மல்லாந்து படுத்திருந்தாள். நெற்றியில் காலையில் பூசிய சாம்பல் சிலுவை. கழுத்து எலும்பு துருத்தியிருந்தது.

“முடிஞ்சிருச்சு லெதிஸ். போயிட்டா. நாமளும் போவோம். தங்கச்சி வீட்டுக்குப் போவோம். எந்திரி.”

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். இல்லை என்று.

“வீட்டுல ஒண்ணுமே இல்ல. நான் பாத்துட்டேன்.”

அவள் அவன் கையை எடுத்தாள். தன் மார்பில் வைத்தாள். பிறகு அவன் தலையைப் பிடித்து இழுத்து, காதை அங்கே வைத்தாள்.

முதலில் இதயம் கேட்டது. மெலிந்த, அவசரமான இதயம்.

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. மெல்லிய கரகரப்பு. நிதானமாக ஒன்று சுற்றியது. சுற்றுக்கு ஒரு முறை ஒரு சின்னத் தட்டல். கீறல் விழுந்த இடத்தில் ஊசி தாண்டும் தட்டல். இதயத்தோடு அது சேரவில்லை. அதற்கு அதன் வேகம்.

அவனுக்குத் தெரிந்த வேகம்.

“ஷ்ஷ்.”

விசிலோடு. புதிதாக.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. அவள் விரலை உதட்டில் வைத்து அவனைக் கெஞ்சினாள். அவள் பேசினால் தேயும். நடந்தால் தேயும். அழுதால் தேயும்.

மூச்சுவிட்டாலும் தேயும்.

அவன் மறுபடி காதை வைத்தான். அசையாமல் இருந்தான். நாக்கு பல்லில் தட்டியது. இடைவெளி. மறுபடி தட்டியது. அறையில் விளக்கெண்ணெய் வாசனை நிறைந்து தொண்டையை அடைத்தது.

அவனுக்கு இருமல் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் நீர் முட்ட அடக்கினான். அடக்கிவிட்டான்.

அவள் மார்புக்குள், தட்டில் இருமிய அதே இருமலை, அவன் இருமினான்.